அக்காவின் சட்டமும் மாமாவின் சமாதானமும்

குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அக்காவுக்குக் கை வலித்தது. உள்ளே தம்பி. கதவிடுக்கு வழியாகக் கஞ்சா நெடி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இது தினசரிக் கூத்தாகிவிட்டது.

“சட்டப்படி குத்தம்டா இது! பிடிச்சா உள்ள தள்ளிருவாங்க. இன்னைக்குப் புகை, நாளைக்கு ஊசி!”

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தலை நிமிரவில்லை. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. எதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பார்.

“சும்மா கத்தாத. எத்தனையோ நாட்டுல இதுக்கு அனுமதியே குடுத்துட்டாங்க. புகைக்கிறவன் எல்லாம் ஊசிக்கா போயிட்டான்?”

“நீங்க குடுக்குற இடம்தான் அவனக் குட்டிச்சுவராக்குது!”

இருவரும் கத்தி ஓய்வதற்குள் தம்பி அச்சகத்துக்கு நழுவிவிடுவான். காகிதம் வெட்டும் இயந்திரம் அவன் பொறுப்பில் இருந்தது. கை நடுங்குகிறது என்று மேலாளர் அவனைக் காகிதக் கட்டுப் போடும் வேலைக்கு மாற்றியது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு மதியம் அச்சகத்திலிருந்து போன் வந்தது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். சட்டைப்பையில் பாதி காலியான மாத்திரை அட்டை. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தராத கடுமையான வலி மாத்திரை.

“எவ்வளவு நாளா போடறாரு?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அக்கா கணவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியாது.

பிழைத்துக்கொண்டான். மறுநாள்தான் வாய் திறந்தான்.

“எப்பவும் வாங்குற ஆளுகிட்டதான் போனேன். இன்னைக்குக் கஞ்சா இல்ல, இதப் போட்டுப் பாருன்னு மாத்திரையக் குடுத்தான். அப்புறம் இது இல்லாம முடியலக்கா.”

“ஏன்டா பாவி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“உன்கிட்ட சொன்னா போலீசும்ப. மாமாகிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாதும்பாரு. நான் யார்கிட்டதான் சொல்றது?”

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவர், “எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல...” என்று இழுத்தார்.

“போதுங்க!” என்றாள். “புகைக்கிற எல்லாரும் மாத்திரைக்குப் போறதில்லதான், ஒத்துக்கறேன். ஆனா போனது நம்ம வீட்டுப் புள்ள. சட்டம் தப்புங்குதா, சரிங்குதான்னு நாம மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தோம். இவன் ஏன் புகைக்கிறான்னு இவனையே கேக்கணும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தோணலியே! வாதத்துல யார் ஜெயிச்சாலும், பேச ஆளில்லாதவனுக்கு விக்கிறவன்தாங்க சொந்தக்காரன் ஆயிடறான்.”

பிறகு தம்பியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சொல்லுடா. கத்த மாட்டேன்.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் எழுந்து போகவில்லை.