உரச்சாக்கில் ஒரு கல்யாணம்

இராஜாக்கமங்கலத்திலிருந்து அருமனைக்குப் புறப்பட்ட அந்த வேனில் லிஜோ சந்தேகப்படாத பொருள் ஸ்டெப்னி டயர் ஒன்றுதான். அதுவும் அது வெளியே தொங்கியதால்.

லிஜோ கல்யாணப் போட்டோகிராபர். வேனில் இருந்தவர்கள் பெண் வீட்டார். வியாழக்கிழமை ஜாஸ்மிக்கும் ஷிபினுக்கும் சர்ச்சில் கல்யாணம் முடிந்தது. சனிக்கிழமை அடுக்களை காணல். பெண் வாழப்போகும் வீட்டின் அடுக்களையை அவளைச் சேர்ந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு போய்ப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, திரும்பும் வழியெல்லாம் குறை சொல்வதற்கு அந்தப் பெயர். அதையும் படமெடுத்தால்தான் ஆல்பம் முடியும்.

கல்யாணப் படங்கள் எல்லாம் லிஜோவிடம் இருந்தன. லிஜோவிடம் மட்டும்தான் இருந்தன.

ஊர் சுற்றிப் படமெடுக்கும் ஒருவர் இணையத்தில் சொல்லிக்கொடுத்த இரண்டு பாடங்களை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். படங்களை மூன்று காப்பி எடுத்து மூன்று இடத்தில் வை என்பது முதல் பாடம். அதில் பாதியை ஒழுங்காகச் செய்திருந்தான். கேமரா கார்டில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று. இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. வீட்டில் வைக்கலாமென்றால் தம்பி இருக்கிறான். சினிமா இறக்க இடம் போதாமல் சொந்த அக்கா பிள்ளையின் ஞானஸ்நானப் படத்தையே அழித்தவன். இணையத்தில் ஏற்றிவைக்கலாமென்றால் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று எவனுக்குத் தெரியும்? பெண்ணின் அண்ணன் ஆன்றோ, ஒரு காப்பி தன் கம்ப்யூட்டரில் கிடக்கட்டுமே என்று சர்ச் வாசலில் வைத்தே கேட்டான். சிரித்துக்கொண்டு கேட்டான். படத்தை வாங்கி வேறு ஸ்டூடியோவில் ஆல்பம் போட நினைப்பவன்தான் அப்படிச் சிரிப்பான் என்று லிஜோ முடிவு செய்தான். ஆகவே மூன்று காப்பியும் ஒரே பையில்.

கேமரா பை பார்ப்பதற்குக் கேமரா பை மாதிரி இருக்கக்கூடாது என்பது இரண்டாம் பாடம். இதை முழுதாகவே செய்தான். போன மாதம் வட்டக்கோட்டையில் அவன் கூட்டாளி ஒருவன், மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடலைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தானும் பார்த்திருக்கிறான். திரும்பினால் பையைக் காணவில்லை. லிஜோ தன் பையைப் பழைய கைலியில் சுற்றி உரச்சாக்கில் இறக்கி, மேலே ஒரு பொதி நெத்திலிக் கருவாட்டை வைத்துக் கட்டினான்.

வேனில் ஏறும்போது ஆன்றோ சாக்கில் என்ன என்று கேட்டான். கருவாடு என்றான் லிஜோ. அந்த மணத்துக்கு வேறு பதில் சொல்லவும் முடியாது.

எல்லாரும் ஜன்னலைத் திறந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் மரியஜான் மட்டும் சாக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்ஃப் நாட்டு வேலையிலிருந்து லீவில் வந்த மனிதர். உட்கார்ந்ததிலிருந்து சாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுநடுவே கண்ணை மூடி நீளமாக மூச்சு இழுத்தார். கருவாட்டை எவனும் அப்படிப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது தெரிந்தவன்தான் பார்ப்பான். லிஜோ சாக்கை இரண்டு முட்டுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டான். தக்கலையில் சாயா குடிக்க வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், லிஜோ இறங்கவில்லை. ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் இறங்கவில்லை.

அதன் பலனாக, அருமனையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் வண்டி நின்றதும், சாக்கை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது சீட்டுக்கு அடியில் வெறும் தரை இருந்தது. மரியஜான் வீட்டுக்குள்ளிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

“அடுக்களையில குடுத்தாச்சு மக்கா. நீ எதுக்கு சொமக்கணும்னு நானே கொண்டு போனேன்.”

லிஜோ அடுக்களை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். பெண் வீட்டார் கொண்டுவந்த சாமான்கள் தரையில் பரந்து கிடந்தன. மாப்பிள்ளையின் தாய் ராஜபாய் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். அண்டாவை விரலால் சுண்டிப் பார்த்து முகம் சுளித்தாள். மிக்ஸியின் பெயரை வாசித்துவிட்டு, வாசித்ததே வீண் என்பதுபோல் நகர்த்தி வைத்தாள். கடைசியில் உரச்சாக்கைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. அவள் முகம் மலர்ந்தது. ஒரு சாக்கு நிறையக் கருவாடு, கடற்கரைப் பக்கம் சம்பந்தம் வைத்தால் இதுதான் குணம் என்று சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னாள்.

தான் கொடுக்காத கருவாட்டுக்குக் கிடைத்த புகழை ஆன்றோ மறுக்கவில்லை. ஆனால் லிஜோவை ஒரு மாதிரி பார்த்தான். என் தங்கச்சிக்கு இவன் எதற்கு ஒரு சாக்கு கருவாடு கொடுக்கிறான் என்ற பார்வை அது.

சாக்கைத் திருப்பிக் கேட்டால், கொடுத்த கருவாட்டை அடுக்களை காணலன்றே பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்ற பேச்சு வேனுக்கு முன்னால் இராஜாக்கமங்கலம் போய்ச் சேரும். ஜாஸ்மி காலம் முழுக்க அதைக் கேட்டு வாழ வேண்டும். கேட்காவிட்டால் அவளுடைய கல்யாணம் அம்மிக்கும் அரிசிப்பானைக்கும் நடுவே கிடக்கும். முற்றத்தில் ஆட்கள் தலை சீவிக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். கேமரா எங்கே என்றார்கள். சார்ஜில் கிடக்கிறது என்று சொல்லி லிஜோ செல்போனில் எடுத்தான். ஒரு பெரியவர் அந்தப் போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ராஜபாயின் உத்தரவு வந்தது. கருவாட்டில் இரண்டு பிடி இன்றைக்கே பொரிக்க வேண்டும். மீதியைச் சாக்கோடு புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். ரப்பர் ஷீட் புகை போடும் அறையில் ஒரு நாள் கிடந்தால் ஈரம் போய்விடுமாம். அவளுடைய கணவர் ரசலையன் சாக்கைத் தோளில் ஏற்றினார்.

லிஜோ வழியை மறித்தான்.

“மாமா, அது கருவாடு இல்ல.”

“பின்ன?” என்றாள் ராஜபாய்.

“கேமரா.”

சாக்கு அடுக்களையின் நடுவில் இறங்கியது. ராஜபாயே கட்டை அவிழ்த்தாள். நெத்திலி வந்தது, கைலி வந்தது, பை வந்தது. பைக்குள்ளிருந்து கேமராவை எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தாள். லென்ஸ் அவளையே பார்த்தது. அவள் பெண் வீட்டார் பக்கம் திரும்பினாள்.

“அடுக்களை காண வந்தவிய கேமராவ ஒளிச்சு வச்சிட்டுப் போவப் பாத்தியளோ? நான் எம் மருமவளுக்கு என்ன குடுக்கேன், என்ன சொல்லுதேன்னு அங்ஙன இருந்தே பாக்கதுக்கு?”

நல்ல சந்தேகம். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் நினைத்திருப்பேன் என்று லிஜோவுக்குத் தோன்றியது. களவு போகாமல் இருக்கத்தான் கருவாட்டுக்கு அடியில் வைத்தேன் என்றபோது, அது அவன் காதுக்கே பொய் மாதிரி கேட்டது.

ராஜபாய் ஆன்றோவைப் பார்த்தாள்.

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமி,” என்றான் ஆன்றோ. “எங்ககிட்டயும் கருவாடுன்னுதான் சொன்னான்.”

“அப்ப உள்ள கெடக்கியத எல்லாம் அழி. இப்பமே. எனக்க கண்ணு முன்னால.” லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் தொட்டுக் காட்டினாள். “இதுலயும் அழிக்கணும்.”

ஜாஸ்மி வாசலில் நின்றிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு நாள். அதுவரை அவள் அங்கே வாய் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

“அதுலதான் கல்யாணப் படம் இருக்கு மாமி,” என்றாள். பிறகு லிஜோவைக் கேட்டாள். “வேற காப்பி இருக்குல்லா?”

லிஜோ பையைப் பார்த்தான். “மூணு உண்டு. மூணும் இதுக்குள்ளதான்.”

“ஏன்?”

“யாரயும் நம்ப முடியல.”

“எனக்க கல்யாணத்த எங்கிட்டக் குடுத்து வைக்கக்கூட நம்பிக்க இல்லியா?”

யாரிடம் கொடுத்து வைக்கலாம் என்று யோசித்தபோது அவள் நினைவே அவனுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

முதலில் படத்தைப் பார்க்கலாம், அழிப்பதைப் பிறகு அழிக்கலாம் என்று ரசலையன் சொன்னார். தேங்காய் துருவியை நகர்த்தி லேப்டாப்பைத் திறந்தார்கள். ராஜபாய் தன் அடுக்களையைத் தேடினாள். எங்கும் அடுக்களை இல்லை. அவள்தான் இருந்தாள். சர்ச்சில் இருந்தாள், பந்தியில் இருந்தாள், கேக் வெட்டும்போது இருந்தாள். எல்லாப் படத்திலும் மற்றவர்கள் கேமராவைப் பார்க்க, அவள் கடைக்கண்ணால் பெண் வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தை நிறுத்தச் சொல்லி, சேலை மடிப்பைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது நல்லா விழுந்திருக்கு,” என்றாள். அழிக்கும் பேச்சு அதோடு போயிற்று. சந்தேகம் போகவில்லை. கருவாட்டுக்குள் கேமராவைப் பொதிந்து கொண்டுவருபவன் நாளைக்கு யார் தலையை வெட்டி எங்கே ஒட்டுவானோ; அவன் கையில் மட்டும் இது இருக்கக்கூடாது. ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

அப்படியென்றால் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றான் ஆன்றோ. இந்த முறை சிரிக்காமல் கேட்டான். லிஜோ கேமராவிலிருந்த கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு கார்டைப் போட்டான். லேப்டாப் அவனிடம் இருந்தது. ராஜபாய் ஆன்றோவை நம்பவில்லை, ஆன்றோ ராஜபாயை நம்பவில்லை, இருவரும் லிஜோவை நம்பவில்லை. மூன்று காப்பியும் மூன்று இடத்துக்குப் போய்விட்டன. பாடம் சொன்னவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதன்பிறகு லிஜோ எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தான். ஜாஸ்மியை மட்டும் நாலு தடவை எடுத்தான். அவள் ஒன்றிலும் சிரிக்கவில்லை, கடைசியில் லேசாக. அந்த ஒரு பொதி நெத்திலியைப் பொரித்தார்கள். முக்கால் பங்கை மரியஜான் தின்றார். கல்ஃபில் இப்படி ஒன்று கிடைக்காது மக்கா, வேனிலேயே கேட்டுவிடலாமா என்று நினைத்தேன் என்று லிஜோவிடம் வெட்கத்தோடு சொன்னார். கிளம்பும்போது ராஜபாய் உரச்சாக்கை மடித்துக் கொடுத்தாள். அடுத்த தடவை இதை நிறைத்துக்கொண்டு வர வேண்டும், நானே கையை விட்டுப் பார்ப்பேன் என்றாள்.

திரும்பும் வழியில் ஆன்றோ சட்டைப் பையைப் பொத்திய கையை எடுக்கவேயில்லை. பக்கத்தில் யார் சாய்ந்தாலும் நகர்ந்து உட்கார்ந்தான். தக்கலையில் சாயா குடிக்க வண்டி நின்றது. லிஜோ லேப்டாப்பை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினான். ஆன்றோ இறங்கவில்லை.