குறையாத ஆயில்

வியாழக்கிழமை காலை காரை வெளியே எடுத்தபோது ஷெட் தரையில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஆயில்.

கார் என் மனைவியுடையது. அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. பதினாறு வருடப் பழசு. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நான் மாடியிலும் மாமனார் கீழேயும் இருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்: "இதுல இனிமே ஒரு கோளாறு வந்தாலும் வித்துடுவேன் மாமா." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

வாங்க ஆள்கூடத் தயார். என் அலுவலகக் கேஷியர், தன் மகள் ஓட்டிப் பழகுவதற்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஞாயிறு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஆயில் கூலர் போயிடுச்சு சார்."

"அது என்ன?"

"ஃபில்டருக்குப் பின்னாடி இந்தப் பெட்டி இருக்கு பாருங்க. சூடான ஆயில் இது வழியா போய் ஆறிட்டு வரும். இதுல விரிசல் விட்டிருக்கு. பல மாசமா ஒழுகுது. வாரத்துக்குக் கால் லிட்டராவது போகும்."

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறு காலையும் எஞ்சினிலிருந்து ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்து டயரியில் எழுதுகிறேன். பதினெட்டு ஞாயிறுகள். பதினெட்டு முறையும் ஆயில் மேல்கோட்டில் நின்றது. ஒழுகும் காரில் அது எப்படி?

எழுதி வைக்கும் பழக்கம் முன்பு எனக்கு இல்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். இப்போது யார் எதைச் சொன்னாலும் காட்டச் சொல்கிறேன்.

டயரியை நீட்டினேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே படித்தார்.

"ஆயில் என்ன போர் தண்ணியா சார், தானா ஊறுறதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"காட்டுங்க."

அவர் பெட்டியை டீசல் விட்டுத் தேய்த்துக் கழுவினார். காற்றடித்து உலர்த்தினார். எஞ்சினை ஓடவிட்டார். "அரைமணி ஆகும். போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"வேணாம்."

நான் நகர்ந்ததும் அவர் இரண்டு சொட்டு ஆயில் தடவ எவ்வளவு நேரம் ஆகும்? நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஸ்பேனர் எடுக்கப் போனபோதும் என் கண் அவர் கையோடு போனது.

"என் மாமியார்கூட என்னை இப்படிக் காவல் காத்ததில்ல சார்" என்றார்.

இருபதாவது நிமிடத்தில் பெட்டியின் கீழ்விளிம்பில் ஒரு பளபளப்பு. திரண்டது, தொங்கியது, விழுந்தது. யாரும் கை வைக்கவில்லை.

அப்படியானால் டயரிதான் பொய்.

எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து மெக்கானிக் அளவுகோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷ ஆயிலு தார் மாதிரி இருக்கணும். இதைப் பாருங்க, கருப்பட்டித் தண்ணி மாதிரி இருக்கு. யாரோ ஊத்திக்கிட்டே இருக்காங்க."

"யாரு?"

"ஒழுகுறதைத்தான் நான் பாக்க முடியும். ஊத்துறவரை நீங்க பாத்துக்கோங்க."

ஷெட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். இன்னொன்று மாமனாரிடம்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கவனித்தேன். பேப்பர் படித்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்தார். நகக்கண்ணில் கறுப்பு. சனிக்கிழமைகளில் அவர் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவுவது நினைவுக்கு வந்தது. எதை ஊற்றுகிறார்? கண்டதை ஊற்றினால் எஞ்சின் பாழாகும். என் கையால் விலைபோவதைவிடப் பாழாகட்டும் என்று நினைக்கிறாரோ? நான்தான் அவர் மகளைக் காப்பாற்றாதவன். அவர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்குச் சந்தேகம்.

"வண்டி எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மாமா."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் சத்தமில்லாமல் படியிறங்கி ஷெட் கதவருகே நின்றேன். பானெட் திறந்திருந்தது. மாமனார் பாட்டிலை வெட்டிச் செய்த புனலில், மூடியைச் சற்று முன் உடைத்த நல்ல ஆயில் டப்பாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார். காரின் கதவில் ஒரு சாவி தொங்கியது. அவளுடைய சாவி. ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் திரும்பவில்லை. "இருங்க மாப்ள. ஊத்தும்போது பேச்சுக் குடுத்தா சிந்திடும்."

ஊற்றி முடித்தார். அளவுகோலைத் துடைத்து, விட்டு, உருவிப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவ சாவி உங்ககிட்டயா இருக்கு?"

"குடுத்தா. வண்டிய பாத்துக்கோங்கப்பான்னா."

"என்கிட்ட ஏன் குடுக்கல?"

"நீங்க அப்ப டாக்டரைத் தேடி ஓடிட்டு இருந்தீங்க."

தரையில் கிடந்த டப்பா மூடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒழுகுதுன்னு தெரியுமில்ல? சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வித்துடுவீங்க." புனலைப் பேப்பரில் சுற்றினார். "முப்பத்தோரு வருஷம் பம்ப் ஹவுஸ்ல இருந்தவன் நான். ஷிப்ட் முடியறதுக்குள்ள ஆயிலை மேல்கோட்டுக்கு ஏத்திடுவோம். அடுத்து வர்றவன் பாக்கறப்ப சரியா இருக்கணும், நம்மளக் கேள்வி கேக்கக் கூடாது. நீங்க ஞாயித்துக்கிழமை பாப்பீங்க. நான் சனிக்கிழமை ஊத்திடுவேன். தரையையும் துடைச்சிடுவேன், இந்த வாரம்தான் விட்டுப்போச்சு."

"அப்ப பம்ப்பு ஒழுகுனா எப்படித் தெரியும்?"

"நின்னா தெரியும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு தடவ நின்னிருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"நடுரோட்டுல எஞ்சின் போயிருந்தா?"

"அதான் ஒரு வாரம்கூட விடலையே."

"மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன் மாமா. கூலரை மாத்தணுமாம்."

"மாத்தி?"

நான் பானெட்டை இறக்கி மூடினேன்.

"ஒழுகாத வண்டின்னா உங்க கேஷியர் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவாரு" என்றார் அவர். கேஷியரைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. மாடியில் நான் ஃபோனில் பேசியது கீழே கேட்டிருக்க வேண்டும். "நானும் பட்டறைக்கு வர்றேன்."

மெக்கானிக் அவரைப் பார்த்ததும் என்னிடம் கண்ணடித்தார். "ஆளு சிக்கிட்டாரா?"

பெட்டியைக் கழற்றினார். துளைகளை அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக்குழாயைச் செருகித் தண்ணீர் வாளிக்குள் முக்கினார். ஓரத்திலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ முக்குங்க."

மெக்கானிக் முக்கினார். "ஒரே குடும்பம்தான் நீங்க ரெண்டு பேரும்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "விக்கற வண்டியா சார், வெச்சுக்கற வண்டியா? விக்கறதுன்னா வேற வண்டில கழட்டுன கூலர் ஒண்ணு கெடக்கு, இன்னிக்கே போட்டுடுவேன், ஆறு மாசம் தாங்கும். வெச்சுக்கறதுன்னா புதுசு. வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி இப்படியே பிரிச்சுதான் நிக்கும்."

மாமனார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடங்கிவிட்டது. மேலே ஆயில் வண்ணம் வண்ணமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"புதுசு போடுங்க" என்றேன்.

"பிரிக்காத அட்டைப்பெட்டியோட காட்டணும்" என்றார் மாமனார். "பழசை எங்ககிட்ட குடுத்துடணும்."

"அது எதுக்குங்க பெரியவரே?"

"புதுசுதான் போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" மெக்கானிக்குக்குச் சொன்ன பதில். ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல, வாசலுக்கு வந்து கேஷியரின் எண்ணை அழுத்தினேன். மாமனார் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க மாப்ள."

போட்டேன்.