ஒன்பதாவது கோடு

அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து உதறியபோது, அதன் பையிலிருந்த ஏதோ ஒன்று சவுந்தரத்தின் முழங்காலில் இடித்தது.

பித்தளைப் பொத்தான் ஆறு வைத்த சட்டை அது. பிறைக் கரைக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே கடலில் ஓடும் ரயில்வே பெரிப் படகில் இருபத்தெட்டு வருஷம் டிக்கட் கிழித்தவர் இராயப்பன். "என்னைப் புதைக்கிற அன்னைக்கு இதைத்தான் மாட்டணும். மேல போனாலும் டிக்கட் கேக்க ஒரு ஆள் வேணும்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தார். கூடத்தில் அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

"சட்டை கிடைச்சிச்சாம்மா?" என்று உபதேசியார் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"இதோ வரேங்க."

பைக்குள் கையை விட்டாள். ஒரு போத்தல். தக்கை போட்டு இறுக்கியிருந்தது. பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, கோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. அடியில் கொஞ்சம் பழுப்பு மருந்து. நம்ம மருந்து போத்தலை இவர் எதற்குச் சட்டைக்குள் வைத்தார் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய போத்தல் ஜன்னல் கட்டையில், வைத்த இடத்திலேயே இருந்தது. கழுத்தில் நீலக் கயிறு.

கையிலிருந்ததன் கழுத்தில் சிவப்புக் கயிறு.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்துதான் தருவார்கள், போத்தல் நாம் கொண்டுபோக வேண்டும். அப்பா ஒரே மாதிரி இரண்டு சர்பத் போத்தல் வாங்கிவந்து, மகளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். மாறிவிடாமல் இருக்கக் கயிறு கட்டியவரும் அவர்தான். நீலம் சவுந்தரத்துக்கு. சிவப்பு, கடலுக்கு அந்தக் கரையில், நிபோங் திபாலில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிரசரைக் கட்டிக்கொண்டிருக்கும் தங்கை அமலத்துக்கு.

உள்ளதைச் சொன்னால், சவுந்தரத்துக்கு அப்போது பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. திங்களும் வெள்ளியும் தவறாமல் விடியுமுன் எழுந்து, ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்று வாங்கிவரும் மருந்து இவளுடையது. அது ஜன்னலில் கேட்பாரில்லாமல் நிற்கிறது. தங்கச்சி கொடுத்தது நல்ல சட்டைக்குள், நெஞ்சுக்குப் பக்கத்தில்.

போத்தலைச் சேலை மடியில் முடிந்துகொண்டு சட்டையை வெளியே நீட்டினாள்.

*

போன மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பாதம் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு பலவீனம், தினம் மூன்று வேளை மருந்து என்று எழுதினார். அடுத்த வாரமே அமலம் ஆள் அனுப்பினாள். "அப்பாவ இங்க அனுப்பு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துலேயே இருந்து பார்ப்பார்." அங்கே தோட்டத்துக்கு வந்துபோகும் டாக்டர் ஒருவர், அவரும் ஒரு குழாயை வைத்துப் பார்த்து, அவரும் தினம் மூன்று வேளை என்று எழுதினார்.

அப்பாவிடம் பெரிக்கு ஆயுசு பாஸ் இருந்தது. பத்து நாள் இங்கே, பத்து நாள் அங்கே. போகிற வழியில் வேளை தப்பாமலிருக்க, அந்தந்த வீட்டுப் போத்தலும் கூடப் போகும்.

சவுந்தரம் சும்மா இருந்துவிடவில்லை. தோட்டத்துச் சீட்டைக் கொண்டுபோய் டவுன் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நீட்டினாள். ஜன்னலுக்குப் பின்னால் கணக்கு எழுதும் கிராணி அதைத் தொடக்கூட இல்லை.

"இது அந்தக் கரைச் சீட்டு. எனக்கு எதுக்கு?"

"அங்க என்ன மருந்துன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி. ரெண்டும் சேரலாமா கூடாதான்னு தெரியணும்."

"அங்க குடுத்தத அங்க போய்க் கேளுங்க லா."

அங்கே கேட்டால், டவுன் சீட்டைக் கொண்டுவா என்றார்கள். டவுன் சீட்டோ ஆஸ்பத்திரி அலமாரியை விட்டு வெளியே வராது. அது சர்க்கார் காகிதமாம். நோயாளி வெளியே வரலாம், அவன் சீட்டு வரக்கூடாது. நடுவில் கடல் இரண்டு மைல்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்து டாக்டர் இருப்பது இந்தப் பக்கத்து டாக்டருக்குத் தெரியாது.

அமலத்தின் புருஷன் பாக்கியசாமி இரண்டு கடிதம் எழுதியிருந்தான். இரண்டாவது கடிதம் வந்த திங்கட்கிழமை, கிராணி சவுந்தரத்தைக் கூப்பிட்டான்.

"உங்க சொந்தக்காரர் யாராச்சும் டிரசரா? அவர் எங்க டாக்டருக்குக் கேள்வி கேட்டு எழுதியிருக்காரு." அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பெரிய டாக்டர் மூணு மணிக்கு வருவார். வீட்டுக்காரங்க உக்காந்திருந்தா காட்டி, பதில் வாங்கித் தரேன். இல்லன்னா இது இங்கேயே கிடக்கும். வேணுமா, வேணாமா?"

மணி அப்போது பதினொன்று. நாலு மணி நேரம்தான். உட்கார்ந்திருக்கலாம். பெஞ்சுகூடக் காலியாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கார், படிங்க" என்றாள்.

கிராணி இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தான். "என் மனைவியின் பராமரிப்பில் இருக்கும் என் மாமனாருக்கு..."

"யாரு பராமரிப்புல?"

"என் மனைவியின்."

சவுந்தரம் போத்தலை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். "வேணாம் தம்பி. எங்க அப்பாவ நாங்க பார்த்துக்கறோம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கறாராகச் சொன்னாள். "இனிமே ஒரு கரை மருந்துதான். அந்தக் கரையில குடுத்தா வாங்கிக் கடல்ல ஊத்திருங்க."

"சரிம்மா" என்றார் அப்பா. அவர் யாரிடமும் சரி என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை.

இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வந்தார். திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி. "சுண்ணாம்பு அடிச்ச சுவரு, ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று புதன்கிழமை கேட்டார். சவுந்தரம் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சுச் சீட்டுக்கு இனி வெள்ளிக்கிழமைதான் முறை, மருந்தை மட்டும் விடாமல் கொடு என்று சொல்லி அனுப்பினார்கள். விடாமல் கொடுத்தாள். வியாழக்கிழமை விடிகாலை முகம் கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே இருந்துவிட்டார்.

*

மத்தியானப் பெரியில் அமலமும் பாக்கியசாமியும் வந்தார்கள். அமலம் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து அப்பாவின் மார்பில் விழுந்தாள். அழுது ஓய்ந்தபின் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"சனிக்கிழமை நான்தான் இதத் துவச்சுக் கஞ்சி போட்டேன். பொத்தானுக்குப் புளி தேச்சேன். அப்பாவுக்கு என் கைக் கஞ்சிதான் பிடிக்கும்" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள். சவுந்தரத்தின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

அடுப்படியில் பக்கத்து வீட்டு நூர்ஜான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். சவுந்தரம் பின்னாலேயே அமலமும் வந்தாள்.

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதாக்கா?"

"தந்தி அடிச்சேனே."

"செத்த பிறகு எதுக்குத் தந்தி? உயிரோட இருக்கையில அடிச்சா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன்னு பயம்."

"ஆமா, உன் வீட்டுல டாக்டர் வரிசையா நிக்கறாங்க."

"ரெண்டு பேரும் ஒரு அப்பனுக்குத்தானே பொறந்தீங்க?" என்றாள் நூர்ஜான், கோப்பையை நீட்டிக்கொண்டே. "வெளியே ஆம்பளைங்க இருக்காங்க. சண்டை போடறதுன்னா மெதுவாப் போடுங்க. இந்தா, குடி."

அமலம் கோப்பையை வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்.

"நீ ஜெயிச்சுட்டக்கா. எங்க வீட்டுல இருக்கையிலகூட உன் மருந்த விடல அவரு. நீலக் கயிறு போத்தல். தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. நான் குடுக்கறதக் குடிச்சிட்டு, நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் போய் உன்னோடதயும் குடிப்பாரு. பிள்ளைங்க பார்த்துட்டு வந்து சொல்லிச்சுங்க. நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா என் மானம் போயிருக்கும்."

சவுந்தரத்தின் நெஞ்சுக்குள் ஏதோ குப்பென்று பொங்கியது. கூடத்தில் பெற்ற தகப்பன் கிடக்கையில் அப்படி வரக்கூடாதுதான். வந்தது. அங்கே போயும் என் மருந்தைத்தான் தேடியிருக்கிறார். ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறார்.

ஒளித்து வைத்து.

மடியில் முடிந்த போத்தல் அப்போது இடுப்பில் உறுத்தியது. அங்கே நீலம். இங்கே சிவப்பு. அங்கேயும் இரண்டு, இங்கேயும் இரண்டு. மூன்று மாதமாக.

பொங்கியது அப்படியே அமர்ந்தது.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கட்டையிலிருந்த போத்தலையும் எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பாக்கியசாமி தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது உங்க மருந்துதானான்னு பாருங்க."

அவன் தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினான். "எங்களதுதான்."

"இது?"

நீலக் கயிற்றுப் போத்தலையும் மோந்தான். இன்னொரு சொட்டு. இந்தத் தடவை துப்ப மறந்து நின்றான்.

"வாந்தி இருந்துச்சா அக்கா?"

"மூணு நாளா."

"கண்ணு?"

"சுவரு மஞ்சளாத் தெரியுதுன்னாரு."

பாக்கியசாமி இரண்டு தக்கைகளையும் திரும்ப அழுத்தினான். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

"ரெண்டும் ஒரே மருந்துக்கா. நெஞ்ச நிதானமா ஓட வைக்கிறது. அளவு மீறிச்சுன்னா அதே நெஞ்ச நிறுத்திரும். இதுக்குத்தான் ரெண்டு தடவ எழுதினேன். நீங்க என்ன குடுக்கிறீங்க, நாங்க நிறுத்திக்கறோம்னு. ஒரு வரி பதில் வரல. தோட்டத்து டிரசர்தானேன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க."

சவுந்தரம் பேசாமல் இருந்திருக்கலாம். பழியைப் போட ஆஸ்பத்திரி என்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. போட்டாலும் முக்கால்வாசி நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

"தூக்கிப் போடல தம்பி. ரெண்டாவது காயிதத்த என்கிட்ட காட்டினாங்க. மூணு மணிவரைக்கும் இருந்தா பதில் வாங்கித் தரேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டு வந்தேன்."

"ஏன்க்கா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள். அவன் போத்தல்களை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அமலத்துக்கு இது தெரிய வேணாம்" என்றான். "தாங்க மாட்டா. அவ கையாலயும் குடுத்திருக்கா."

கூடத்தில் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

*

நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடினார்கள். சவுந்தரத்தின் புருஷன் அந்தோணிராஜும் பாக்கியசாமியும் முன்னால் பிடித்தார்கள். மண் போடும்போது அக்காளும் தங்கையும் குழிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கால் கழுவியதும் அமலம் கிளம்பத் தயாரானாள். பிள்ளைகள் அங்கே தனியாக இருந்தார்கள், ஆறரைப் பெரியைப் பிடிக்க வேண்டும். பாக்கியசாமி ரிக்‌ஷா பார்க்கத் தெருமுனைக்குப் போயிருந்தான்.

அமலம் அப்பாவின் அறைக்குள் வந்து, காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா. அப்பா ஒரு போத்தல் எடுத்துட்டு வந்திருப்பாரு. சிவப்புக் கயிறு போட்டது. நீ எங்கயாச்சும் பார்த்தியா?"

சவுந்தரத்தின் கை மடி முடிச்சுக்குப் போனது.

"குடிச்சிருக்க மாட்டாரு, தெரியும். இந்தக் கரைக்கு வந்தா உன்னோடதுதான். சும்மாதான் கேக்கறேன். இருந்தா குடு, அவர் கை பட்டதுன்னு வச்சிக்கறேன்."

இல்லை என்றால் முடிந்துவிடும். நாளைக்குக் காலையில் கழுவி, குப்பையில் போட்டுவிடலாம். தங்கை, தான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டே கடலைத் தாண்டிப் போவாள். ஆயுசுக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"குடிச்சாரு" என்றாள் சவுந்தரம்.

"என்னக்கா?"

"இங்கயும் குடிச்சாரு. உன்னோடதயும்."

மடியை அவிழ்த்தாள். சிவப்புக் கயிற்றுப் போத்தலை ஜன்னல் கட்டையில் வைத்தாள். முந்தானையிலிருந்து நீலத்தை எடுத்து, காலையில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். பகல் முழுக்கக் கையிலும் மடியிலுமாகச் சுமந்திருந்தாளே தவிர, இரண்டையும் ஒன்றாக வெளிச்சத்தில் அவள் பார்க்கவில்லை.

அமலத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. மத்தியானம் அடுப்படியில் தன் முகத்தில் எது வந்திருக்கும் என்று சவுந்தரம் அப்போது பார்த்துக்கொண்டாள்.

"எவ்வளவு குடிச்சிருக்காரு?" என்று அமலம் கிட்டே வந்து குனிந்தாள்.

சாயங்கால வெயில் இரண்டு போத்தலுக்குள்ளும் நேராகப் போயிருந்தது. காகிதத்தில் பன்னிரண்டு கோடு. அமலம் விரலை வைத்து மேலிருந்து எண்ணினாள். சிவப்பில் ஒன்பது. பிறகு விரலை நகர்த்தி நீலத்தில் எண்ணினாள்.

ஒன்பதில் விரல் நின்றது. டிரசர் வீட்டில் பத்து வருஷமாக மருந்துப் போத்தல் கழுவுகிறவள் அவள்; இரண்டிலும் ஒரே மருந்து என்று பார்த்ததுமே தெரியும். விரலை எடுக்காமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

துறைமுகத்துப் பக்கம் பெரி முதல் சங்கு ஊதியது. வாசலில் ரிக்‌ஷா வந்து நின்ற சத்தம் கேட்டது. "அமலம், நேரமாச்சு" என்று பாக்கியசாமி கூப்பிட்டான்.

இரண்டு போத்தலும் ஒட்டி நின்றன. இரண்டிலும் மருந்து ஒரே மட்டத்தில், அசையாமல் இருந்தது. எடுக்க யாரும் கை நீட்டவில்லை.