பதினான்கு பல் தூரம்

உலகத்தார் அனைவருக்கும், சிறப்பாக எங்கள் சபையாருக்கும், வரலாற்றில் பொறிக்கத்தக்க ஓர் அறிவிப்பு: என் வலது கைக் கட்டைவிரல் மடங்குகிறது.

கைதட்ட வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை தட்டியாயிற்று. அப்போது அது மடங்கவில்லை.

நான் சலூன் வைத்திருக்கிறேன். கடையின் பழைய கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றும்போது அது உடைந்து, கட்டைவிரலை மடக்கும் நரம்பை அறுத்துவிட்டது. டாக்டர் தைத்துவிட்டு, "தினமும் பயிற்சி செய்யணும். எட்டு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள மடங்கலைன்னா அவ்வளவுதான்" என்றார். கத்தரிக்கோலை ஓட்டுவதே கட்டைவிரல்தான். அது வரவில்லையென்றால் சொந்தக் கடையில் நான் முடி கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒத்திகை அன்றே தொடங்கியது. மச்சான் வெட்டினார், நான் கூட்டினேன். மச்சானுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டிங். அந்த மாதங்களில் எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே திரிந்தார்கள்.

எங்கள் சபை மூப்பருக்கு 'விசுவாசத் தூண்' என்று பட்டம். சூட்டியவர் அவரேதான். அறுபத்தெட்டு வயதிலும் தலையில் ஒரு நரை கிடையாது. அது விசுவாசத்தின் பலன் என்று மேடையிலேயே சொல்வார். அந்தப் பலன் எந்தக் கம்பெனி, எந்த நம்பர் என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை, கடை திறக்கும் முன், பின்வாசல் வழியாக வந்து போட்டுக்கொண்டு போவார்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது ஞாயிறு, மூப்பர் என்னை முன்னால் அழைத்துக் கையைப் பிடித்து ஜெபித்தார். மைக் கீச்சிட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது. முடிவில், "சகோதரர் சுகமாகிவிட்டார்! கையை உயர்த்துங்கள்!" என்று முழங்கினார்.

உயர்த்தினேன். அதற்குத் தோள் போதும். தோளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சபை கைதட்டித் தீர்த்துவிட்டது. அத்தனை பேர் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "நிஜமாவே சரியாயிடுச்சாங்க?"

"சபையில ஆயிடுச்சு."

அன்று மாலையே சபையின் ஜெபப் பட்டியலிலிருந்து என்னை அடித்துவிட்டார்கள். மறுநாள் பின்வாசலில் மூப்பர் நின்றார். "அதான் சுகமாயிடுச்சே தம்பி, சீக்கிரம் போட்டு விடுங்க." இடது கையால் போட்டேன். முடியோடு சேர்ந்து ஒரு காதும் கறுத்துப்போனது. அடுத்த ஞாயிறு, காது வலி என்று மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். சபை அந்தக் காதுக்காக உருக்கமாக ஜெபித்தது.

நான் பயிற்சியை நிறுத்திவிட்டேன். சுகமானவன் உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

குட்டு உடைந்தது திருவிருந்தில். திராட்சரசம் இருந்த சின்னக் கிண்ணத்தை இடது கையால் எடுத்தேன். பின்வரிசையில் இருந்த கண்டக்டர் அக்கா பார்த்துவிட்டார். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகை வைத்தே பிடிப்பவர். மறுநாள் காலை ஆறேகாலுக்குப் போன்.

"விரல் மடங்குதா தம்பி? உண்மையைச் சொல்லு."

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் பாதி வழியில இறங்கின?"

"நான் எங்க இறங்கினேன்? அவங்கதான் இறக்கி விட்டுட்டாங்க."

"என் ஜெப நோட்டுல நீ அப்படியேதான் இருக்க. இடம் வராம நான் யாரையும் இறக்கி விட்டதில்ல."

"எனக்கே விசுவாசம் போயிடுச்சுக்கா."

"உன்னை யாரு கேட்டா? பைபிள்ல கூரையைப் பிரிச்சு நடக்க முடியாத ஒருத்தனை இயேசு முன்னாடி இறக்கினாங்கல்ல, தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தைத்தானே அவர் பார்த்தாரு? நீ பேசாம படு, நான் தூக்குறேன். ஆனா பந்தை மட்டும் நீதான் அமுக்கணும். நான் அமுக்கினா என் விரல்தான் மடங்கும்."

கட்டைவிரல் சுண்டுவிரலின் அடியைத் தொட வேண்டும். எவ்வளவு தூரம் பாக்கி என்று கேட்டார். கைக்கு எட்டிய சீப்பை வைத்து அளந்தேன்.

"பதினாலு பல்லு."

"சரி, எழுதிக்கிட்டேன். ஆண்டவரே, இவனுக்குப் பதினாலு. நீங்க பார்த்துக்கோங்க. ஆமென்." போனை வைத்துவிட்டார்.

அதன்பின் தினமும் ஆறேகால். ஒரு நம்பர், ஒரு வரி ஜெபம், ஆமென். பன்னிரண்டில் ஒரு மாதம் நின்றது. "விட்டுடுங்கக்கா, மானம் போகுது" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "பன்னிரண்டுன்னு ஆண்டவருக்கும் தெரியும். நாளைக்கும் கேட்பேன்" என்றார். பதினொன்று என்று ஒரு பொய்யைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அடுத்த நொடியே அதை மேலிடத்தில் சொல்லிவிடுவார். பந்தைப் பிசைவதே சுலபமாக இருந்தது.

எட்டில் இருந்தபோது அக்காவுக்குக் கடும் காய்ச்சல். அன்றும் போன் வந்தது. தகரத்தை இழுப்பது போன்ற குரலில் நம்பரை மட்டும் கேட்டார். ஜெபிக்கத் தொண்டை வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு எட்டு. அக்காவுக்குக் காய்ச்சல். ரெண்டு பேரையும் பார்த்துக்கோங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, ஆண்டவர் கேட்கவே கேட்பார் என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது மாதக் கடைசியில் ஒரு காலை, நடுவில் சீப்பு நுழையவில்லை.

"எவ்வளவு?"

"பூஜ்யம்க்கா."

மறுமுனையில் காது கிழிய ஒரு விசில். பழைய பஸ் விசிலை எடுத்து ஊதிவிட்டார். மனைவி என்னமோ ஏதோவென்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். விரலைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்து இருவரும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதோம். போனிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் எழுந்து, "இதை நான் அன்றே அறிவித்தேன்!" என்றார்.

மைக்கை வாங்கினேன். வலது கையால். "ஐயா சொன்னது சரிதான். கொஞ்சம் முந்திக்கிட்டாரு. அன்னைக்கு இது மடங்கலை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். சபை சிரித்தது. மூப்பரும் கடைசியில் சிரித்துவிட்டார். அவருக்கும் நன்றி சொன்னேன், மனதாரத்தான். அன்று எனக்காக அவர் விட்ட கண்ணீர் அசல். சாயமெல்லாம் தலையில் மட்டும்தான்.

முதல் கட்டிங் கண்டக்டர் அக்காவுக்கு என்று முடிவாகியிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வளையத்துக்குள் விரல் போனது, மடங்கியது, கத்தரி பேசியது. ஒவ்வொரு வெட்டுக்கும் மனதுக்குள் ஒரு நன்றி. முடித்து, புதுக் கண்ணாடிக்கு நேரே நாற்காலியைத் திருப்பினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"ஆண்டவர் நல்லவர் தம்பி" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கோ?" என்றார்.

இரண்டு பல் இறங்கியிருந்தது.