வாய் ஒட்டாத பூசணி

பூசணிக்காயின் தலையை வட்டமாக அறுத்துக் காம்பைப் பிடித்துத் தூக்கியபோது, உள்ளேயிருந்து மழை நின்ற மண்ணும் வெள்ளரிக்காயும் கலந்தாற்போல ஒரு வாடை வந்தது. கத்தியைக் குழந்தைகள் கண்ணில் காட்டக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. அதனால் கழுவுமிடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, முழங்காலுக்கு நடுவே காயை இறுக்கிப் பிடித்து அறுத்து முடித்தாள் ஆயாம்மா. வயது நாற்பத்தேழு. பதினோரு வருடமாக இந்த மழலையர் பள்ளியில் வேலை. மூக்கு சிந்திவிடுவது, ஷூ மாட்டிவிடுவது, பசை கொட்டிய மேசையைச் சுரண்டுவது, யாராவது உடையை நனைத்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாற்றிவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பாடம் டீச்சருடையது. அந்த வாரம் பூசணி வாரம். ஐந்து நாளும் எண்ணிக்கை, நிறம், வடிவம், கைவேலை, பாட்டு எல்லாமே பூசணியை வைத்துத்தான். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

காயைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனதும் பதினெட்டுப் பிள்ளைகளும் மேசையை மொய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே கையை விடச் சொன்னார் டீச்சர். "எப்படி இருக்கு? வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்று கேட்டார். "மூக்குச்சளி மாதிரி இருக்கு!" என்று ஒருவன் கத்த, வகுப்பே அவன் பின்னால் போய்விட்டது. எத்தனை விதை இருக்கும் என்றதற்கு ஒருத்தி ஏழு என்றாள், இன்னொருவன் நூறு கோடி என்றான். பிறகு விதைகளைப் பொறுக்கி, பத்துப் பத்தாகக் காகிதக் கோப்பையில் போட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் வக்கீலம்மா கையைத் தூக்கினாள். நாலரை வயதுப் பெண். எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட மாட்டாள் என்பதால் ஆயாம்மா வைத்த பெயர் அது.

"தட்டையா இருக்கிறதையும் எண்ணணுமா டீச்சர்?"

"எல்லாமே விதைதானேம்மா. எண்ணு."

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே. அமுக்கிப் பாருங்க."

டீச்சர் அமுக்கிப் பார்த்தார். கையிலிருந்த பாடப் புத்தகத்தையும் ஒருமுறை பார்த்தார். அதில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை போலும். "சரி, அத தனியா வை" என்றார். நல்ல விதை முந்நூற்றுப் பன்னிரண்டு. தட்டை நாற்பத்தாறு.

ஆயாம்மா சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, வரவில்லை. வாயை மட்டும் கொஞ்சம் விரித்துவிட்டு, சிந்திய சதையை வழித்து வாளியில் போட்டாள்.

அவள் கணவர் இறந்து அன்றோடு பதினேழு நாள். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். காலை பதினோரு மணி. பள்ளி அலுவலகத்துக்குத்தான் போன் வந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரி அவளுக்கு நினைவிருந்தது. மருத்துவமனை வராந்தா, கையெழுத்துப் போடச் சொன்ன தாள், மகள் ஓடி வந்து விழுந்து அழுதது, நாத்தனார் சுவரில் முட்டிக்கொண்டது. எல்லோரும் அழுது முடித்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

இருபத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். அவர் கை நீட்டியவரும் இல்லை, கொஞ்சிப் பேசியவரும் இல்லை. காலையில் அவளுக்கு முன்பே எழுந்து அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கதவருகே வைப்பார். இப்போது அவளே நிரப்பிக்கொள்கிறாள். நிரப்பும்போது தொண்டை அடைக்கும் என்று முதல் நாள் காத்திருந்தாள். பாட்டில் நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்.

நாத்தனார் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. தம்பியின் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலமானால் அழுவாள், விசாரிக்க வருபவர்களிடம், "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாளா? கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாருங்க" என்பாள். அதைக்கூட ஆயாம்மா பொருட்படுத்தவில்லை. மகள் கேட்டதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பும் நாளில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "உண்மையைச் சொல்லும்மா. அப்பா மேல உனக்குப் பாசமே இல்லையா?" என்று கேட்டாள். இருக்கு என்று சொல்லலாம்தான். அந்தச் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் மகள் படியிறங்கிவிட்டாள். பத்து நாளாயிற்று, போன் இல்லை. ஆயாம்மா போட்டால் மருமகன் எடுத்து, "தூங்குறா அத்தை" என்கிறார்.

வியாழக்கிழமை முகம் செய்யும் பாடம். காகிதத் தட்டுகளுக்கு முந்தின நாளே ஆரஞ்சு வண்ணம் அடித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள். கறுப்புத் தாளில் கண்ணும் மூக்கும் வாயும் வெட்டித் தனித்தனி டப்பாவில் போட்டாள். மேலே வளைந்த வாய் சந்தோஷம், கீழே வளைந்த வாய் சோகம், பல்லைக் காட்டும் வாய் கோபம், வட்ட வாய் பயம். கரும்பலகையில் டீச்சர் நாலு பூசணியையும் வரைந்து வைத்திருந்தார். "இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்கோ அந்த மூஞ்சியை ஒட்டுங்க, பாக்கலாம்!"

பதினொரு பேர் சந்தோஷம். கோபம் ஐந்து, அந்தப் பல் அழகாக இருந்ததுதான் காரணம். பயம் ஒன்று. வக்கீலம்மா இரண்டு கண்ணையும் ஒட்டிவிட்டு, மூக்கை ஒட்டிவிட்டு, பசைக் குச்சியை மூடி வைத்துவிட்டாள்.

"வாய் எங்கம்மா?"

"வாய் வேண்டாம்."

"வாய் இல்லாம எப்படி? இதுக்குச் சந்தோஷமா, சோகமா?"

"தெரியல."

"நாலுல ஒண்ணு சொல்லணும்டா கண்ணா."

"நாலுமே இல்ல டீச்சர். இது ஆயாம்மா மூஞ்சி."

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. பின் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஷ்! அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்றார். நல்ல மனசுள்ள பெண். என்ன செய்வது என்று தெரியாமல், டப்பாவிலிருந்து மேலே வளைந்த வாய் ஒன்றை எடுத்துத் தானே ஒட்டி, "இப்ப பாரு, எவ்ளோ அழகா இருக்கு!" என்றார். வக்கீலம்மா, டீச்சர் திரும்பியதும் நகத்தால் அந்த வாயைச் சுரண்டி எடுத்தாள். எடுத்த இடத்தில் வண்ணம் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

கைகழுவ அழைத்துப் போனபோது ஆயாம்மா சோப்புப் போட்டுவிட்டபடி கேட்டாள். "என் மூஞ்சி அப்படியா இருக்கு?"

"ஆமா."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்க அம்மாவுக்கும் அதே மூஞ்சிதான். தம்பிப் பாப்பா வந்ததுல இருந்து." பிள்ளை கையை உதறினாள். "பாப்பா கத்தினாலும் அப்படியேதான் இருப்பாங்க."

பள்ளி விட்டு முக்கால் மணி நேரமாகியும் வக்கீலம்மாவை அழைத்துப் போக யாரும் வரவில்லை. வழக்கமாக அம்மாதான் தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வருவாள். கேட்டுக்கு வெளியே, மற்ற தாய்மார்களிடமிருந்து தள்ளி நிற்பாள். வணக்கம் சொன்னால் தலையசைப்பாள். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த முகம், இன்று வராதபோதுதான் ஆயாம்மாவின் கண்ணுக்குள் சரியாக வந்து நின்றது. டீச்சர் அம்மாவின் எண்ணுக்கு மூன்று முறை போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "என் வழிதான் டீச்சர், நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள் ஆயாம்மா. தலைமையாசிரியை அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு தெரு தாண்டி, மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படியேறும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. வெகு நேரம் அழுது கரகரத்துப்போன குரல். கதவு தாழிடாமல் கிடந்தது. முன்னறையில், வெளியே கிளம்பும் உடையில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. மகள் போய் முழங்காலைப் பிடித்தாள். அவள் கை தானாக உயர்ந்து பிள்ளையின் தலைமேல் நின்றது. கண் எங்கேயோ இருந்தது.

ஆயாம்மா உள்ளறைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினாள். இடுப்புவரை நனைந்திருந்தது. கழுவித் துடைத்து வேறு துணி சுற்றி, சமையலறையில் பால் மாவு டப்பாவைக் கண்டுபிடித்துக் கரைத்துப் புட்டியை வாயில் வைத்ததும் அழுகை அப்படியே அறுந்து நின்றது. அதன் பிறகுதான் வீட்டில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"கிளம்பிட்டேன்" என்றாள் அம்மா, யாருக்கோ பதில் சொல்வதுபோல. "செருப்பு மாட்டிட்டேன். அப்புறம் இன்னொண்ண மாட்டணும்னு தோணல."

"எத்தனை நேரமா உக்காந்திருக்கீங்க?"

"தெரியல. பாப்பா அழறது கேக்குது. எந்திரிக்கணும்னு தெரியுது. ஆனா அது வேற யார் வீட்லயோ அழற மாதிரி இருக்கு." அவள் முதல்முறையாக ஆயாம்மாவைப் பார்த்தாள். "நான் கெட்டவளா?"

ஆயாம்மா எதிரே சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டாள். இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் தவறிட்டார்னு ஸ்கூலுக்குப் போன் வந்துச்சும்மா. பிள்ளைங்க பெயின்ட் அடிக்க ஸ்பாஞ்ச் வெட்டிட்டு இருந்தேன். இன்னும் நாலு பாக்கி. அந்த நாலையும் வெட்டி முடிச்சு, குப்பையைக் கூட்டி அள்ளிட்டுத்தான் கிளம்பினேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது."

"அழுதீங்களா?"

"இன்னும் இல்ல."

"இது எப்பச் சரியாகும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நானே பத்தொம்பது நாளாத்தான் இப்படி இருக்கேன்."

அம்மாவின் உதட்டோரம் எதுவோ அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது.

அப்பாவின் போன் எண் வக்கீலம்மாவுக்கு மனப்பாடம். போன மாதப் பாடம். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல ஆயாம்மா ஒரு கையால் அமுக்கினாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"அவ கொஞ்சம் டயர்டா இருக்கா, அவ்ளோதாங்க. ராத்திரி நான் வந்து பாத்துக்கறேன்."

"டயர்டுன்னா தூங்குவாங்க தம்பி. இவங்க தூங்கல. கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பிள்ளை தொண்டை கட்டி அழுதிருக்கு. கிளம்பி வாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு."

தட்டும் சத்தம் நின்றது. "ஒரு மணி நேரம் ஆகுமே."

"ஆகட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

போனை வைத்த பிறகு தன் குரல் அவளுக்கே புதிதாகப் பட்டது. பதினெட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் எவரிடமும் அவள் இப்படி அதட்டிப் பேசியதில்லை. சமையலறையில் ரொட்டி இருந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். "பசிக்கலன்னு சொல்லாதீங்க. பசிக்காமத்தான் நானும் சாப்பிடறேன். மென்னு முழுங்குங்க, போதும்." அம்மா ரொட்டியின் ஓரத்தைக் கடித்தாள். காலில் இருந்த ஒற்றைச் செருப்பை மகள் குனிந்து கழற்றி, கதவோரம் கொண்டுபோய் வைத்தாள்.

குழந்தை ஆயாம்மாவின் இடது கையிலேயே தூங்கிப்போனது. கீழே போட்டால் விழித்துக்கொள்ளும் என்று தோன்றியது. ஜன்னலருகே போய் நின்றாள். தெருவில் பள்ளி விட்ட பெரிய பிள்ளைகள் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். பின்னால் அம்மா ரொட்டியை மெல்லும் சத்தம், நிறுத்தி நிறுத்தி, கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். தோளிலிருந்து விரல் நுனிவரை கை மரத்துப்போயிருந்தது, அது தன் கை என்றே தெரியவில்லை. குழந்தையின் தலை அசங்காமல் மெல்ல வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, இடக்கையைத் தொங்கவிட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு விரல் நுனியில் ஒரு ஊசி குத்திற்று. பின்னாலேயே இன்னொன்று. ஆயிரம் எறும்பு மேலேறுவதுபோலக் கை முழுக்கச் சுருசுருவென்று ஏற, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தபடி அவள் அசையாமல் நின்றாள்.