பாதி விலை முகவரி

கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலை. சொந்தப் பெயரில் கரண்ட் பில் இருக்க வேண்டும். பூங்கா மதிலை ஒட்டிய வீட்டில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். பில்லில் என் பெயர் இல்லையென்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

இன்று வீட்டு ஓனர் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். போனில் அவர் காட்டியது, போன வாரம் நான் வரிசையில் நின்று கட்டிய பில். பெயர் அவருடையது. பாதி விலையில் நான்கு டிக்கெட் கிழித்தேன்.

"இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க. உங்க பசங்க கொடுத்து வச்சவங்கம்மா."

"ஆமா சார். மொட்டை மாடியில நின்னு தினமும் பாக்குறாங்க."

சிரித்தபடி கையை நீட்டினார். 'உள்ளூர்வாசி' என்று முத்திரை குத்தினேன்.