கூடை ஏற்றுகிற நேரம்

மீன் நிறைந்த கூடையை ஒருத்தியே தலைக்கு ஏற்ற முடியாது. எதிரில் இன்னொருத்தி நின்று விளிம்பைப் பிடிக்கணும். ரெண்டு பேரும் குனிந்து ஒரே மூச்சில் தூக்கும்போது நெற்றியோடு நெற்றி முட்டுகிற மாதிரி கிட்ட வந்துவிடும். விற்கப் போகிற கூடையை ஆம்பளை தொட்டால் அன்றைக்கு யாவாரம் படுத்துவிடும் என்று கோவளத்தில் ஒரு பயம் உண்டு. அதனால் பஸ் நிற்கிற இடத்தில் கூடை ஏற்றுகிற நேரம் பார்த்து ஆம்பளைகள் தானாகவே நாலு அடி தள்ளிப் போய் பீடி பற்ற வைப்பார்கள்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் ரோஷன் பீவி கேட்பாள். "உனுக்கு வேணுமா, வேணாமா?"

அவள் மாதா கோயில் பக்கத்து டிஸ்பென்சரியில் ஆயா. அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி நேரம். செங்கல்பட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப். வாத்தியாரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை ஆளுக்கு இத்தனை பேரைக் கொண்டுவரணும் என்று மேலிடத்து உத்தரவு. பக்கத்துக் குப்பத்தில் நாற்பத்தெட்டு வயசுக்காரி ஒருத்தியை ஏற்றிப் போய்விட்டார்கள் என்று பேச்சு. ஆபரேஷன் சீட்டைக் காட்டினால் சர்க்கார் கொடுக்கிற நைலான் வலை முதலில் கிடைக்கும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். புருஷன்மார்களே பெண்டாட்டி பேரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதற்காகத்தான் மூணு பேர் டிஸ்பென்சரி வாசலில் கூடினார்கள். மீன் விற்கிற பெண்களின் மாதர் சங்கத்துத் தலைவி சம்பூர்ணம், ஜமாத்து காரியதரிசி சௌகத் அலி, டிஸ்பென்சரி சிஸ்டர் பிலோமினா. அதுவரைக்கும் இந்த மூணு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"வேணும்னு சொல்றவளுக்கு நல்ல வைத்தியம், கூடவே போய் வர ஒரு ஆளு. வேணாங்கிறவள வண்டியில ஏத்தப்படாது. அவ்ளோதான் நம்ம பேச்சு" என்றார் சௌகத் அலி.

"சொல்லிட்டா ஆச்சா பாய்? புருஷங்காரனே இஸ்துகினு வந்து வுடறானே" என்றாள் சம்பூர்ணம்.

ரத்தம் கம்மி என்று டிஸ்பென்சரி சீட்டு இருந்தால் கேம்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள் சிஸ்டர். "ஆனா நான் பொய் எழுத மாட்டேன்."

சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். "பொய் இன்னாத்துக்கு சிஸ்டரம்மா? இந்த ஊர்ல எவளுக்கு ரத்தம் கீது?"

சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேணும் என்பவளுக்கு மாத்திரை கொடுத்து ரத்தம் ஊறவைத்து அனுப்புவது, வேணாம் என்பவளுக்குச் சீட்டு என்று முடிவானது. கேட்க வேண்டியது ரோஷன் பீவி. மாமியார், புருஷன் யார் காதிலும் விழக்கூடாது. எங்கே கேட்பது என்று முழித்தபோது கூடையைக் காட்டியது சம்பூர்ணம்தான்.

கேம்ப் லிஸ்டில் பதினோரு பேர். நாலு பேர் வேணும் என்றார்கள். ஆறு பேர் வேணாம் என்றார்கள். பாக்கி பொன்னி ஒருத்திதான். மூணாவது பெண் பிறந்து அஞ்சு மாசம். கூடை எடுத்தே நாளாயிற்று. வாரா வாரம் டிஸ்பென்சரிக்கு வந்து ரத்த மாத்திரை வாங்கிப் போவாள். அப்போதும் பக்கத்தில் புருஷன் மாரி நிற்பான். அவன் டீக்கடையில், "வலை வந்துட்ச்சுன்னே வச்சிக்க மச்சான்" என்று பீற்றிக்கொண்டிருந்ததை ரோஷன் பீவி காதாலேயே கேட்டாள். மறுநாள் குழாயடியில் பொன்னி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதையும் பார்த்தாள். இதற்கு மேல் இன்னா கேட்கணும் என்று தோன்றிவிட்டது.

வண்டி வருவதற்கு முந்தின நாள் சிஸ்டரிடம் ஏழாவது சீட்டிலும் கையெழுத்து கேட்டாள்.

"பொன்னிகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டேன் சிஸ்டர்."

வாயில் வந்துவிட்டது. பொன்னி பேரை அவளே மைப் பேனாவால் எழுதினாள். நாலாங்கிளாஸ் எழுத்து.

காலையில் வேன் வந்தது. ஆறு சீட்டையும் கூட வந்த கிளார்க் வாங்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு லிஸ்டில் அந்த ஆறு பெயரையும் அடித்தார். ஏழாவது ரோஷன் பீவி ஜாக்கெட்டுக்குள் இருந்தது. மாரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பொன்னியைக் கூட்டிவந்தான். கைக்குழந்தை அவள் இடுப்பில். சீட்டை நீட்டினால் தீர்ந்தது. ஆனால் கேட்காமலே 'கேட்டேன்' என்று சொன்னது அவளை விடவில்லை.

பஸ்ஸுக்கு நின்ற சம்பூர்ணத்தை அவள் ஒரு பார்வை பார்த்தாள். சம்பூர்ணம் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"ஏ பொன்னி! நீயும் பீவியுமா ஒரு கை புடிங்க. இடுப்பு புட்ச்சிகிச்சி எனுக்கு."

"வண்டி நிக்குது, இப்பதான் கூடையா?" என்றான் மாரி.

"அப்ப நீ வந்து தூக்கு ராஜா."

கிளார்க்கே சிரித்தார். மாரி நாலு அடி தள்ளிப் போனான். குழந்தை சம்பூர்ணம் தோளுக்கு மாறியது. ரெண்டு பேரும் குனிந்தார்கள்.

"பொன்னி, சீட்டு ரெடியா கீது. நீ போவ வேணாம்."

பொன்னி தலையைத் தூக்கவில்லை. "யாரு வேணாம்னது?"

"குழாயண்ட அழுதியே?"

"அளுவாம? என் வயித்த ஊரெல்லாம் வலைன்னு சொல்லிகினு திரியறான். அத்துக்கு அளுதேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "போன பிரசவத்துல எத்தினி ரத்தம் போச்சுன்னு உனுக்குத் தெரியாதா, நீதான துணி மாத்தின. ரெண்டு மாசமா அந்தக் கருமாந்தர மாத்திரைய எத்துக்கு முழுங்கறேன்னு நெனச்சுகினு கீற? இன்னொன்னு வந்தா நான் இருக்க மாட்டேன்க்கா. சீட்ட நீட்டிடாத."

ரோஷன் பீவியின் பக்கம் கூடை சரிந்தது. மீன் தண்ணி மார்மேல் கொட்டியது. ஒரு வழியாக தூக்கி சம்பூர்ணம் தலையில் வைத்தார்கள். குழந்தை பொன்னியிடம் திரும்பி வந்தது.

"இன்னாடி அங்க குசுகுசுன்னு?" என்றான் மாரி.

"கனமா கீதுன்னேன்."

பொன்னி தானே படியில் காலை வைத்து ஏறினாள். மாரி கை கொடுக்க வந்தான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சீட்டு எதுனா கீதாம்மா? இப்பவே குடுத்துடு" என்று கிளார்க் அலுத்துக்கொண்டார்.

"இல்லீங்க. ஆறுதான்." நனைந்த சீட்டை எடுத்து கைக்குள் மடக்கிக்கொண்டு ரோஷன் பீவியும் ஏறினாள். கூடப் போக வேண்டியது சிஸ்டர்தான். இவள் கேட்கவில்லை, வேனருகே நின்ற சிஸ்டரும் தடுக்கவில்லை.

வேன் கேளம்பாக்கம் உப்பளத்தைத் தாண்டியது. பொன்னி ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. குழந்தை ரோஷன் பீவி மடிக்கு வந்திருந்தது. மீன் வாடையோ என்னவோ, அது அவளுடைய மூடின கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டே வந்தது. விரல் இடுக்கில் சீட்டின் மை கசிந்து, அதன் கையெல்லாம் நீலமாகிக்கொண்டிருந்தது.